மகனுக்கு இல்லை, மாணவனுக்கு உண்டு - கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சொற்பொழிவு நிதிகள்

கல்லூரியில் "சிறப்புச் சொற்பொழிவு" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நம் மனதில் என்ன தோன்றும்? வருகைப் பதிவு எடுப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், நினைவுப் பரிசு கொடுப்பார்கள், முன்வரிசைக்கு மட்டும் டீயும் பிஸ்கட்டும் வரும். அழைப்பிதழின் மூலையில் சின்ன எழுத்தில் "இன்னார் நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு" என்று இருக்கும். அந்த இன்னார் யார், எதற்காகப் பணம் கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. பேசுபவருக்கே பல சமயம் தெரியாது.

எனக்கு அந்தச் சின்ன எழுத்துமேல் ஒரு ஆர்வம். அதைத் தேடிப்போனால் சில நேரம் பெரிய கதை கிடைக்கிறது. நான் படித்ததிலேயே சுவாரசியமானது கல்கத்தா பல்கலைக்கழகத்தின் இரண்டு நிதிகளின் கதை. ஒன்று ஒரு அப்பாவின் கோபத்தோடு சேர்ந்து வந்தது. இன்னொன்று ஒரு அப்பாவின் துக்கத்திலிருந்து வந்தது.

முதலில் ஒரு பின்னணி. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பல்கலைக்கழகங்களும் 1857ல் தொடங்கப்பட்டன. பல்கலைக்கழகம் என்றவுடன் வகுப்பறை, பேராசிரியர் என்று நினைக்காதீர்கள். லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் இவை மூன்றும் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்புகள்தான். பாடம் சொல்வது கல்லூரிகளின் வேலை. 1904ம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் தாங்களே பாடம் நடத்த வழி பிறந்தது. அதாவது, சுமார் 50 வருடம் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒருவர் மேடையேறிப் பேச வேண்டுமென்றால், அதற்கு அரசாங்க பட்ஜெட்டில் இடம் இல்லை. யாராவது தனியார் பணம் கொடுத்தால்தான் உண்டு.

கொடுத்தவர் பிரசன்ன குமார் தாகூர்.

தாகூர் என்றால் ரவீந்திரநாத் தாகூரின் தாத்தாவா என்று கேட்பீர்கள். இல்லை. ரவீந்திரநாத் ஜோராசாங்கோ தாகூர் குடும்பம். பிரசன்ன குமார் பாதுரியாகட்டா தாகூர் குடும்பம். பங்காளி உறவு. 1801ல் பிறந்தவர். அவருடைய அப்பா கோபி மோகன் தாகூர், கல்கத்தா இந்துக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்த பணக்காரர்களில் ஒருவர். பிரசன்ன குமார் பெரிய ஜமீன்தார். ஆனால் ஜமீன் வருமானத்தில் உட்கார்ந்து சாப்பிடாமல் வக்கீல் தொழில் செய்து அதிலும் ஏராளமாகச் சம்பாதித்தார். அரசாங்க வக்கீலாகவும் இருந்தார். இந்து சட்டத்தில் வெறும் தொழில் அறிவு மட்டுமல்ல, புலமையும் இருந்தது. மிதிலைப் பகுதியின் தர்ம சாஸ்திர நூலான விவாத சிந்தாமணியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863ல் வெளியிட்டார்.

அவருக்கு ஒரே மகன், ஞானேந்திர மோகன். 1851ல் அந்த மகன் கிறிஸ்தவராக மாறினார். மாற்றியவர் கிருஷ்ண மோகன் பானர்ஜி, அந்தக் காலக் கல்கத்தாவின் பிரபல பாதிரியார். அவருடைய மகளையே ஞானேந்திர மோகன் திருமணமும் செய்து கொண்டார். பிறகு இங்கிலாந்து போனார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இந்து சட்டமும் வங்காளியும் கற்பித்தார். 1862ல் லிங்கன்ஸ் இன் மூலம் பாரிஸ்டர் ஆனார். இங்கிலாந்தில் பாரிஸ்டரான முதல் இந்தியர் இவர்தான். கவனியுங்கள், அப்பா கல்கத்தாவில் இந்து சட்ட நூலை மொழிபெயர்க்கிறார், மகன் கிறிஸ்தவராகி லண்டனில் அதே இந்து சட்டத்தைப் பாடம் நடத்துகிறார். இருவருக்கும் ஒரே பாடத்தில்தான் ஈடுபாடு. ஆனால் பேச்சு வார்த்தை இல்லை!

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் பேச வேண்டும், பொறுத்துக் கொள்ளுங்கள். பழைய சாஸ்திரப்படி மதம் மாறியவனுக்குச் சொத்துரிமை போய்விடும். ஆனால் 1850ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, மதம் மாறினாலும் வாரிசுரிமை போகாது என்று ஆக்கிவிட்டது. அடுத்த வருடமே ஞானேந்திர மோகன் மதம் மாறுகிறார். எனவே அப்பா சும்மா இருந்தால் சொத்து மகனுக்குத்தான் போகும். அதைத் தடுக்க ஒரே வழி உயில்.

நம் ஊராக இருந்தால் உயிலாலும் முழுக்கத் தடுத்திருக்க முடியாது. தென்னிந்தியாவில் செல்லுபடியானது மிதாக்ஷரா முறை. அதில் பரம்பரைச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு வந்துவிடுகிறது. வங்காளத்தில் தாயபாக முறை. அப்பா உயிரோடு இருக்கும்வரை மகனுக்கு எந்தப் பங்கும் கிடையாது, பரம்பரைச் சொத்தையும் அப்பா தன் இஷ்டப்படி எழுதிவைக்கலாம். பிரசன்ன குமார் எழுதி வைத்தார். பெரும் சொத்தை அண்ணன் மகன் ஜதீந்திர மோகனுக்கும், அவருக்குப் பின் அவருடைய ஆண் வாரிசுகளுக்கும், அவர்கள் இல்லாவிட்டால் வேறு சில உறவினர்களின் ஆண் வாரிசுகளுக்கும் என்று தலைமுறை தலைமுறையாக வரிசை போட்டார். ஆங்கிலேயப் பிரபுக்கள் குடும்பத்தில் எஸ்டேட்டை மூத்த ஆண் வழியில் கட்டிவைப்பார்களே, அதே பாணி. மகனுக்கு அந்த உயிலில் எதுவும் இல்லை.

அதே உயிலில்தான் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு மாதம் 1000 ரூபாய் என்று எழுதியிருந்தார். ஒரு சட்டப் பேராசிரியர் பதவிக்கு. அதற்கு "தாகூர் சட்டப் பேராசிரியர்" என்று பெயர். 1868 ஆகஸ்டில் அவர் காலமானார்.

எனக்குப் பிடித்தது அந்த நன்கொடையின் நிபந்தனைகள். வெறுமனே பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெயர்ப் பலகை மாட்டச் சொல்லவில்லை. பேராசிரியர் வருடத்துக்கு ஒரு முறை நியமிக்கப்பட வேண்டும். அவர் சட்டத்தில் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஒரு முழு வரிசைச் சொற்பொழிவு நிகழ்த்த வேண்டும். வருகிற மாணவர்களிடமும் மற்றவர்களிடமும் கட்டணம் வாங்கக் கூடாது. முக்கியமாக, பேசி முடித்த பிறகு அதை அச்சிட்டு 500 பிரதிகள் இலவசமாக விநியோகிக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றையும் மாற்றியது. சொற்பொழிவு காற்றோடு போகும், புத்தகம் போகாது. அந்தச் சமயத்தில் அப்படிப்பட்ட புத்தகங்களுக்கு அவசரத் தேவையும் இருந்தது. அதுவரை ஆங்கிலேய நீதிபதிகளுக்கு இந்து சட்டத்திலும் முஸ்லிம் சட்டத்திலும் சந்தேகம் வந்தால் கோர்ட்டில் சம்பளத்துக்கு இருந்த பண்டிதர்களையும் மௌல்விகளையும் கேட்பார்கள். 1864ல் அந்தப் பதவிகளை எடுத்துவிட்டார்கள். இனி நீதிபதியும் வக்கீலும் புத்தகத்தைப் பார்த்துத்தான் சட்டம் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகங்களோ குறைவு. கோல்புரூக் 1810ல் வெளியிட்ட மிதாக்ஷரா, தாயபாக மொழிபெயர்ப்புகள், நம்ம சென்னையில் தலைமை நீதிபதியாக இருந்த தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் எழுதிய நூல் என்று கைவிரலில் எண்ணிவிடலாம். மெட்ராஸ் வக்கீல் மேய்ன் எழுதிய புகழ்பெற்ற இந்து சட்ட நூல்கூட 1878ல்தான் வந்தது. வக்கீல் தொழிலில் ஊறிய பிரசன்ன குமாருக்கு இந்தப் பஞ்சம் நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் நிதி வைத்தது சரியான நேரத்தில், சரியான இடத்தில்.

முதல் தாகூர் பேராசிரியர் ஹெர்பர்ட் கோவெல் என்ற ஆங்கிலேய பாரிஸ்டர். 1870ல் ஆரம்பித்தார். பொருள் இந்து சட்டம். இந்தியர் பணத்தில், இந்தியர்களுக்கு, இந்து சட்டத்தை ஓர் ஆங்கிலேயர் சொல்லிக் கொடுக்கிறார்! சிரிப்பாக இருந்தாலும் அன்றைய நிலைமை அது.

இதற்குள் மகன் சும்மா இருக்கவில்லை. லண்டனில் படித்த பாரிஸ்டர் அல்லவா, உயிலை எதிர்த்து வழக்குப் போட்டார். கல்கத்தா ஹைகோர்ட்டிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1872ல் தீர்ப்பு வந்தது. இன்றும் சட்டக் கல்லூரியில் "தாகூர் வழக்கு" என்றால் இதுதான். சுருக்கமாகச் சொன்னால் மூன்று விஷயம் முடிவானது. இந்துக்கள் உயில் எழுதலாம், அதில் தவறில்லை. ஆனால் உயில் எழுதியவர் இறக்கும்போது இன்னும் பிறக்காத (கருவிலும் இல்லாத) ஒருவருக்கு இந்து சட்டப்படி சொத்து எழுத முடியாது. மூன்றாவது, ஆண் வழிக்கு மட்டும் என்று சட்டத்தில் இல்லாத புதுவிதமான வாரிசு முறையைத் தனி ஆள் யாரும் உண்டாக்க முடியாது. எனவே ஜதீந்திர மோகன் தன் ஆயுள் வரை சொத்தை அனுபவிக்கலாம். அதற்குப் பிறகு எழுதிய வரிசை செல்லாது, சாதாரண வாரிசு முறைப்படி மகன் பக்கத்துக்குப் போக வேண்டும்.

பாருங்கள், எந்த மகனைத் தவிர்க்கத் தலைமுறைக் கணக்கில் பூட்டுப் போட்டாரோ, அந்தப் பூட்டே சரியில்லை என்று ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய சட்ட நிபுணர் எழுதிய உயில்! ஆனால் ஞானேந்திர மோகன் அந்தச் சொத்தை அனுபவிக்கவில்லை. 1890ல் இங்கிலாந்திலேயே இறந்தார். ஜதீந்திர மோகன் 1908 வரை வாழ்ந்தார்.

பிறக்காத குழந்தைக்குச் சொத்து எழுத முடியாது என்ற விதி நாடு முழுக்க இந்துக்களைக் கட்டுப்படுத்தியது. அதைத் தளர்த்த முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம்தான், 1914ல். இரண்டு வருடம் கழித்து 1916ல் மத்திய சட்டம் வந்தது.

பல்கலைக்கழகத்துக்கான மாதம் 1000 ரூபாய் தப்பித்தது. ஒரு உயிலில் எந்தப் பகுதி நிலைக்கும் என்று எழுதியவருக்கே தெரியாது போலிருக்கிறது. ஜமீனைக் கட்டிவைத்த பக்கங்கள் உடைந்தன, சொற்பொழிவுக்கு எழுதிய பக்கம் நின்றது.

அதில் பேசியவர்களைப் பார்த்தால் ஒரு தலைமுறை வளர்ந்த கதை தெரியும். 1876ல் ராஷ்பிகாரி கோஷ், அடமானச் சட்டம் பற்றி. அந்த நூல் பல பதிப்புகள் கண்டது. 1878ல் குருதாஸ் பானர்ஜி, இந்துத் திருமணச் சட்டமும் ஸ்த்ரீதனமும். இவர் பின்னர் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தர் ஆனார். 1884ல் அமீர் அலி, முஸ்லிம் சட்டம். இவர் 1909ல் பிரிவி கவுன்சிலில் உட்கார்ந்த முதல் இந்தியர். ஜெர்மனியிலிருந்து சமஸ்கிருத அறிஞர் ஜூலியஸ் ஜாலி 1883ல் வந்து இந்து சட்ட வரலாறு பேசினார். இங்கிலாந்தின் பெரிய சட்ட ஆசிரியர் பிரெடரிக் பொல்லாக் 1894ல் வந்தார். வெளிநாட்டுப் பெரியவரும் உள்ளூர் வக்கீலும் ஒரே பதவியில், ஒரே நிபந்தனையோடு. இன்றைக்கு "இன்டர்நேஷனல்" என்று பேனர் வைப்பதற்காகவே ஆள் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்த நூல்களில் பெரும்பாலும் "அத்தியாயம்" இருக்காது. "முதல் சொற்பொழிவு, இரண்டாம் சொற்பொழிவு" என்றே பிரித்திருப்பார்கள். பேச்சாகப் பிறந்ததால் நடையிலும் ஒரு தெளிவு உண்டு. அவற்றை நூறு வருடம் கழித்தும் நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டின. 1917ல் ஜெயஸ்வால் பேசிய மனு - யாக்ஞவல்கியர் ஒப்பீடு வரலாற்று மாணவர்களுக்கும் தெரிந்த நூல். ராதாபினோத் பால் மூன்று முறை தாகூர் பேராசிரியராக இருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டோக்கியோ விசாரணையில் ஜப்பானியத் தலைவர்கள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று தனித் தீர்ப்பு எழுதினாரே, அதே பால்தான்.

என்னை மிகவும் கவர்ந்த வருடம் 1898. அந்த வருடப் பேராசிரியருக்கு 34 வயது. அவர் எடுத்த பொருள், சொத்தை எதிர்காலத் தலைமுறைகளுக்காகக் காலவரையின்றிக் கட்டிவைக்கும் ஏற்பாடுகள் பற்றிய சட்டம். இந்தியாவில் இந்தப் பொருளைப் பேச வேண்டுமென்றால் தாகூர் வழக்கைப் பேசாமல் ஒரு அடி நகர முடியாது. அதாவது, பிரசன்ன குமாரின் உயில் கொடுத்த பணத்தில், பிரசன்ன குமாரின் உயிர்ச்சொத்துத் திட்டம் ஏன் தோற்றது என்பதை விளக்கும் சொற்பொழிவு! நன்கொடையாளர் மனம் புண்படுமே என்று யாரும் தடுக்கவில்லை. ஒரு நிதி ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

அந்த 34 வயது இளைஞர்தான் அசுதோஷ் முகர்ஜி.

(இதே காலத்தில் ஸ்காட்லாந்திலும் ஒரு உயில். 1885ல் ஆடம் கிஃபோர்டு என்ற நீதிபதி நான்கு பல்கலைக்கழகங்களுக்கு 80,000 பவுண்டு எழுதிவைத்தார். பொருள் கடவுள் பற்றிய ஆராய்ச்சி. பேசுபவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம், மதமே இல்லாதவராகவும் இருக்கலாம், பொதுமக்கள் வந்து கேட்க வசதி வேண்டும் என்று எழுதினார். வில்லியம் ஜேம்ஸ் முதல் ஹன்னா ஆரென்ட் வரை அந்த மேடையில் பேசினார்கள். உலகம் முழுக்க கிஃபோர்டைத் தெரியும். அதற்கு 17 வருடம் முன்பே நம் நாட்டில் ஒருவர் இதைச் செய்தது நமக்கே தெரியாது.)

அசுதோஷ் 1904ல் ஹைகோர்ட் நீதிபதி, 1906 முதல் 1914 வரையும் பிறகு 1921 முதல் 1923 வரையும் துணைவேந்தர். தேர்வு நடத்தும் அலுவலகமாக இருந்த கல்கத்தா பல்கலைக்கழகத்தைப் பாடம் சொல்லும், ஆராய்ச்சி செய்யும் இடமாக மாற்றியவர். அரசாங்கம் கை கொடுக்காதபோது வக்கீல் நண்பர்களிடம் போனார். தாரக்நாத் பாலித் 1912ல் நிலமும் பணமுமாக சுமார் 15 லட்சம் மதிப்பில் கொடுத்தார். 1913ல் 10 லட்சம் கொடுத்தவர் யார் தெரியுமா? நாம் மேலே பார்த்த அதே ராஷ்பிகாரி கோஷ். 1876ல் தாகூர் நிதியில் பேசியவர், காங்கிரஸ் தலைவராகி (1908ல் சென்னை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்), கடைசியில் தானே நிதி வைக்கிறார். பாலித் தன் பேராசிரியர் பதவிகள் இந்தியர்களுக்கு மட்டுமே என்று நிபந்தனை போட்டார். அந்தப் பாலித் பேராசிரியர் பதவியில் 1917ல் வந்து உட்கார்ந்தவர் நம் சி.வி. ராமன்.

வெளியூர் அறிஞர்களை அழைப்பதிலும் அசுதோஷுக்கு ஒரு துணிச்சல். அடிப்படையில் அவர் கணிதக்காரர். ஆண்ட்ரூ ஃபோர்சைத் என்ற பெரிய கணித மேதை, இன்னொருவரின் மனைவியோடு ஏற்பட்ட உறவு காரணமாக 1910ல் கேம்பிரிட்ஜ் பதவியை விடவேண்டி வந்தது. அவரைக் கல்கத்தாவுக்குக் கூப்பிட்டு 1913 ஜனவரி, பிப்ரவரியில் பேசவைத்தார்கள். அந்தச் சொற்பொழிவுகளும் புத்தகமாயின.

இனி இரண்டாவது அப்பா கதை.

அசுதோஷுக்குக் கமலா என்று ஒரு மகள். அந்தக் கால வழக்கப்படி சிறுமியாக இருக்கும்போதே திருமணம். சீக்கிரமே விதவையானாள். விதவை மறுமணம் 1856லேயே சட்டப்படி செல்லும் என்று ஆகிவிட்டது. ஆனால் உயர்சாதி வங்காளக் குடும்பங்களில் யார் செய்தார்கள்? அசுதோஷ் செய்தார். 1908ல், நீதிபதியாகவும் துணைவேந்தராகவும் இருக்கும்போது, சொந்தக்காரர்கள் எதிர்ப்பையும் ஊர்ப் பேச்சையும் தாங்கிக்கொண்டு மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். அந்தக் கணவரும் இறந்து போனார். கமலா 1923ல் இறந்தாள்.

அசுதோஷ் மகள் பெயரில் பல்கலைக்கழகத்தில் நிதி வைத்தார். கமலா சொற்பொழிவுகள். இந்திய வாழ்க்கை, சிந்தனை சம்பந்தப்பட்ட ஏதாவது ஒரு பொருளில், வங்காளியிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். வங்காளியிலும் பேசலாம் என்பது சிறிய விஷயமில்லை. தாகூர் சட்டச் சொற்பொழிவு ஆங்கிலத்தில் நடந்த காலத்திலிருந்து இது ஒரு பெரிய தூரம். ஏற்பாடு செய்தவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. 1924 மே மாதம் பாட்னாவில் காலமானார்.

முதல் கமலா சொற்பொழிவை 1925ல் அன்னிபெசன்ட் நிகழ்த்தினார். ஒரு விதவைப் பெண்ணின் நினைவு மேடையில் முதலில் ஏறியவர் ஒரு பெண் என்பது பொருத்தம்தான். 1926ல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. நம் கும்பகோணம் பக்கத்துக்காரர், "இந்தியக் குடிமகனின் உரிமைகளும் கடமைகளும்" பற்றிப் பேசினார். குடிமக்கள் என்ற அந்தஸ்தே சரியாக இல்லாத காலத்தில் குடிமகன் உரிமை பற்றிப் பேச்சு. 1935ல் நம் பி.எஸ். சிவசாமி அய்யர், இந்து ஒழுக்கக் கோட்பாடுகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன என்பதைப் பொருளாக எடுத்தார். ஒரு விதவைக்கு மறுமணம் செய்ததால் பேச்சு வாங்கிய அப்பா வைத்த நிதியில் இந்தத் தலைப்பு! சிவசாமி அய்யர் அதை நினைத்துத்தான் எடுத்தாரோ என்னவோ.

இடையில் 1933ல் ரவீந்திரநாத் வந்து வங்காளியில் பேசினார். "மானுஷேர் தர்மோ", மனிதனின் மதம். மூன்று வருடம் முன்பு இதே பொருளை ஆக்ஸ்ஃபோர்டில், ஹிபர்ட் என்ற இன்னொரு பணக்காரர் வைத்த நிதியில், ஆங்கிலத்தில் பேசியிருந்தார். கமலா நிதி இருந்ததால் அதே பொருள் வங்காளியிலும் வந்தது.

கமலா என்ன படித்தாள், என்ன நினைத்தாள் என்று சொல்லும் எழுத்து எதுவும் என் கண்ணில் படவில்லை. அவள் பெயரில் மற்றவர்கள் பேசியதுதான் அலமாரியில் இருக்கிறது. ஞானேந்திர மோகன் விஷயம் அதற்கு நேரெதிர். அவர் தரப்பு வாதம் சட்ட அறிக்கைகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் தாகூர் சட்டப் பேராசிரியர் பட்டியலில், இந்து சட்டமே கற்பித்த அந்த மகனின் பெயர் இல்லை.